நகலின் வியர்வை

100.3. திரை அடுத்தமுறை மாறியபோது 99.7. பிறகு 100.0. மூன்று விநாடிக்கு ஒருமுறை புரளும் அந்த எண்ணைச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு மணி இரண்டே முக்கால். 'டாப்' என்கிற லினக்ஸ் கட்டளையின் கறுப்புத் திரையில் முதல் வரியில் நின்றது மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ். அதற்குக் கீழே இருந்ததெல்லாம் 0.3, 0.0 என்று சில்லறை. சர்வர் மும்பையில் எங்கோ ஒரு குளிரூட்டிய கூடத்தில் இருக்கிறது. அதன் சூடு வேளச்சேரிக்கு வெறும் எண்ணாகத்தான் வந்துசேர்கிறது.

எச்சரிக்கை சிவப்பில் வந்திருந்தது. ஆனால் மொத்த சிபியு பயன்பாட்டைக் காட்டும் பலகையைத் திறந்தால் ஆறு சதவீதம், பச்சை. இரண்டும் பொய்யில்லை. அந்த எந்திரத்தில் 16 கோர்கள். டாப் ஒரு கோருக்கு நூறு என்று கணக்குப் பார்க்கும். பலகையோ பதினாறையும் கூட்டி வகுத்துவிடும். பட்டறையில் ஒருவன் மட்டும் மூச்சுவாங்கச் சம்மட்டி அடித்துக்கொண்டிருக்க, மற்ற பதினைந்து பேரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் முதலாளியின் நோட்டில் அது ஆறு சதவீத உழைப்புதான்.

நூறைத் தாண்டாமலும் நூறிலிருந்து இறங்காமலும் நிற்கிற எண் ஒரு தடயம். கூட்டம் சேர்ந்து வரும் சூடு அப்படி இருக்காது. 340, 710, 280 என்று சந்தை இரைச்சல் மாதிரி ஏறி இறங்கும். சரியாக நூறில் கோடு கிழித்தாற்போல நின்றால் உள்ளே ஒரே ஓர் இழை, யாருக்கும் காத்திருக்காமல், எதற்கும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டிஸ்க்குக்காகக் காத்திருந்தால்கூட எண் கொஞ்சம் இறங்கியிருக்கும். இறங்கவில்லை. அந்த இழைக்கு வேண்டியதெல்லாம் நினைவகத்திலேயே இருக்கிறது.

ஆபீஸில் இரவுப் பணியில் இருந்த தம்பி போனில் இருந்தான். திருநெல்வேலிக்காரன், வேலைக்கு வந்து எட்டு மாதம்.

"அண்ணே, எவனோ பெரிய ரிப்போர்ட்ட ஓட்டிவிட்டுட்டுத் தூங்கப் போயிட்டான் போல. கில் பண்ணிரட்டுமா?"

"யாருன்னு மொதல்ல பாருப்பா."

விசைப்பலகைச் சத்தம். சற்று மௌனம்.

"யாருமே இல்லண்ணே. சிஸ்டம் யூசர் மட்டுந்தான் நிக்கான்."

சிஸ்டம் யூசர் என்பது ஆள் இல்லை. ரெப்ளிகா சர்வர் தனக்குத்தானே வைத்துக்கொண்டிருக்கும் வேலைக்காரன் அது. வெளியிலிருந்து யாரும் எதையும் கேட்கவில்லை. தன்னுடைய அன்றாட வேலையான நகலெடுப்பதைத்தான் அது செய்துகொண்டிருந்தது. அதற்கே இந்தப் பாடு.

அசல், நகல் இரண்டுமே அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக நம் கச்சேரிகளுக்கும் பத்திரங்களுக்கும் வந்து குடியேறிய சொற்கள். வட்டிக்கடைக்காரர் சொல்லும் அசலும் அதே அசல்தான். டேட்டாபேஸ் உலகத்தில் வெகுகாலம் இந்த உறவுக்கு எஜமான், அடிமை என்றே பெயர் வைத்திருந்தார்கள். 2020இல்தான் மைஎஸ்கியூஎல் குழுவினர் அதைக் கைவிடுவதாக அறிவித்து, மூலம், பிரதி என்று பொருள்படும் சொற்களுக்கு மாறினார்கள். மாற்றியது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அன்றிரவு அந்தச் சர்வர் பட்ட பாட்டுக்குப் பழைய பெயர்தான் பொருத்தம் என்றும் தோன்றியது.

ஏற்பாடு எளிமையானது. அசல் சர்வரில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் பின்லாக் என்ற நாட்குறிப்பில் பதிவாகிறது. நகல் சர்வரில் ஓர் இழை அந்தக் குறிப்பை வாங்கித் தன்னிடம் எழுதிவைத்துக்கொள்ளும். இன்னோர் இழை அதை ஒவ்வொன்றாகப் படித்துத் தன் டேபிள்களில் செய்துகாட்டும். அசல் கெட்டால் நகல் கைகொடுக்கும். அதுவரை ரிப்போர்ட் கேட்பவர்களுக்கெல்லாம் நகலைக் காட்டி அசலின் சுமையைக் குறைக்கலாம். இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் மைஎஸ்கியூஎல்லுக்கு இந்த வசதி வந்ததும்தான் சின்னக் கம்பெனிகளும் அதை நம்பிப் பெரிய தளங்களைக் கட்டத் தொடங்கின.

நகல் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதை அதுவே சொல்லும். 4,200 விநாடி என்றது. மறுபடி கேட்டேன், 4,203. மறுபடி, 4,207. இடையில் கடந்ததும் அத்தனை விநாடிதான். வேலை மெதுவாக நடந்தால் இந்த எண் தள்ளாடித் தள்ளாடி ஏறும். கடிகாரத்தோடு கைகோத்து ஏறினால் நகல் நாட்குறிப்பின் ஒரே பதிவில் நின்றுவிட்டது என்று பொருள். கணக்குப் போட்டால் அந்தப் பதிவின் நேரம் 1:35. எழுபது நிமிடமாக ஒரே வாக்கியத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது.

மைஎஸ்கியூஎல்லுக்குள் தரவைச் சேமித்துவைக்கும் பகுதியான இன்னோடிபி தன் நிலையைச் சொல்லும் நீளமான அறிக்கை ஒன்று உண்டு. பக்கம் பக்கமாக வரும், பெரும்பாலும் யாரும் கடைசிவரை படிப்பதில்லை. அதன் அடியில் ஒரு வரி: விநாடிக்கு எத்தனை வரிகள் சேர்ந்தன, திருந்தின, நீங்கின, படிக்கப்பட்டன என்று. அன்று அதில் சேர்ந்தது பூஜ்யம், திருந்தியது பூஜ்யம், நீங்கியது விநாடிக்கு இரண்டு. படித்தது விநாடிக்கு ஏறக்குறைய இருபது லட்சம்.

இரண்டு வரியை நீக்க இருபது லட்சம் வரியைப் படிக்கிறது. தம்பியிடம் சொன்னேன்.

"அப்ப அது தேடுது, இல்லண்ணே?"

ஆமாம். அது தேடிக்கொண்டிருந்தது.

எதைத் தேடுகிறது என்று தெரிய நாட்குறிப்பையே திறந்து பார்க்க வேண்டும். அது இரும எழுத்தில் இருக்கும். அதை மனிதக் கண்ணுக்குப் பெயர்த்துத் தர ஒரு கருவி உண்டு. பெயர்த்துப் பார்த்தபோது திரை முழுக்க ஒரே மாதிரி அடுக்குகள். ஒவ்வொன்றிலும் நீக்கு என்று தலைப்பு, அதன் கீழே @1 இன்னது, @2 இன்னது, @3 இன்னது என்று @11 வரைக்கும். பத்திகளுக்குப் பெயர்கூடக் கிடையாது, எண்தான். இந்தப் பதினொன்றும் இப்படியே இருக்கிற ஒரு வரியைக் கண்டுபிடித்து நீக்கு. அடுத்தது. அடுத்தது. எண்ணிப் பார்த்தால் நாற்பதாயிரம் அடுக்குகள்.

அசலில் நடந்தது ஒற்றை வாக்கியம். ரத்தான ஆர்டர்களையெல்லாம் நீக்கு, அவ்வளவுதான். அந்த டேபிளில் இருபது லட்சம் வரி. அசல் சர்வர் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே ஒருமுறை நடந்து, ரத்து என்றிருந்ததையெல்லாம் வழியிலேயே களைந்துவிட்டுப் போய்விட்டது. ஆனால் நாட்குறிப்பில் அந்த வாக்கியம் ஏறவில்லை, அதன் விளைவுகள்தான் ஏறின. நகலுக்கு வந்து சேர்ந்தது நாற்பதாயிரம் தனித்தனி கட்டளைகள். அந்த டேபிளுக்குப் பிரைமரி கீ இல்லை, வேறு இண்டெக்ஸும் இல்லை. எனவே ஒவ்வொரு கட்டளைக்கும் நகல் முதல் வரியிலிருந்து ஆரம்பித்து, பதினொரு பத்தியையும் ஒப்பிட்டுக்கொண்டே, ஆள் அகப்படும்வரை நடக்கிறது. அகப்பட்டதும் நீக்குகிறது. அடுத்த கட்டளைக்கு மறுபடி முதல் வரியிலிருந்து.

சராசரியாகப் பாதி தூரம் என்று வைத்தாலும் ஒரு தேடலுக்குப் பத்து லட்சம் வரி. நாற்பதாயிரம் தேடலுக்கு நாலாயிரம் கோடி. விநாடிக்கு இருபது லட்சம் வீதம் இருபதாயிரம் விநாடி, ஐந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அசலுக்கு இரண்டு விநாடி.

என் தாத்தா சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதியவர். நான் பார்த்தபோது கண் மங்கி வேலையை விட்டிருந்தார். ஆனால் சொத்து விவரம் என்று ஆரம்பித்தால் மூச்சு விடாமல் சொல்லுவார். கிழக்கே இன்னார் கிணறு, மேற்கே இன்னார் புன்செய், வடக்கே வண்டிப்பாதை, தெற்கே வாய்க்கால், இதற்குள்பட்ட நிலம். சக்குபந்தி என்பார்கள். அதோடு சர்வே எண்ணும் இருந்தால் கர்ணம் பதிவேட்டைத் திறந்து நேரே அந்தப் பக்கத்துக்குப் போய்விடுவார். எண் இல்லாமல் நான்கெல்லை மட்டும் கையில் இருந்தால் ஊரின் முதல் வரப்பிலிருந்து நடக்க வேண்டியதுதான், ஒவ்வொரு நிலத்திலும் நின்று, இதற்குக் கிழக்கே கிணறு இருக்கிறதா, மேற்கே புன்செயா என்று கேட்டுக்கொண்டு. பிரைமரி கீ என்பது சர்வே எண். நகல் சர்வரிடம் நாற்பதாயிரம் சக்குபந்திகளைக் கொடுத்து, எண் ஒன்றைக்கூடக் கொடுக்காமல் ஊருக்குள் அனுப்பியிருந்தோம்.

அப்படியானால் அந்த ஒற்றை வாக்கியத்தையே நகலுக்கும் அனுப்பியிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். முதலில் அப்படித்தான் செய்தார்கள். அசலில் ஓடிய வாக்கியமே நாட்குறிப்பில் ஏறும், நகல் அதைத் தானும் ஓட்டும். அதில் ஒரு பள்ளம் இருந்தது. வரிசை ஏதும் சொல்லாமல் 'ஏதாவது நூறு வரியை நீக்கு' என்றால் அசல் எடுக்கும் நூறும் நகல் எடுக்கும் நூறும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. புதிதாக ஓர் அடையாள எண் உருவாக்கு என்றால் இரண்டும் வெவ்வேறு எண்ணை உருவாக்கும். நகல் வாக்கியத்தைப் புரிந்துகொள்ளும், புரிந்துகொண்டபடி செய்யும், செய்தது வேறாகிவிடும். பல மாதம் கழித்து ஏதோ ஒரு கூட்டல் ஒத்துப்போகாதபோதுதான் அது தெரியவரும். தாத்தா சொல்லும் கதை ஒன்று. நகல் எழுதுபவர் ஒருவர் மூலப் பத்திரத்தில் வடக்கு என்றிருந்த இடத்தில், ஊர் தெரிந்தவராதலால், அது தெற்காகத்தான் இருக்க வேண்டும் என்று திருத்தி எழுதிவிட்டாராம். அவர் சொன்னது சரிதானாம். வழக்கு பதினொரு வருடம் நடந்ததாம்.

அதனால்தான் 5.7.7 பதிப்பிலிருந்து மைஎஸ்கியூஎல் வரிவரியாக எழுதுவதையே இயல்பாக்கியது. யோசிக்காதே, இந்த வரி இப்படி இருந்தது, இனி இல்லை, அவ்வளவு. நகலுக்கு இனி தப்பாகப் புரிந்துகொள்ள வழியில்லை, ஏனென்றால் புரிந்துகொள்ள எதுவும் அனுப்பப்படுவதில்லை. காரணம் முழுக்க அசலிடமே தங்கிவிடுகிறது. நகலிடம் விளைவு மட்டும் போகிறது, தேட வேண்டிய பொறுப்போடு. இது நேர்மையான ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விஷயம் தெரிந்தவன் இரண்டு விநாடியில் செய்ததை, விஷயம் சொல்லப்படாதவன் ஐந்தரை மணி நேரம் செய்கிறான், சூடு பின்னவனிடம்தான் தெரிகிறது. கண்காணிப்புப் பலகையில் அசல் அன்றிரவு முழுக்கப் பச்சை.

சிபியு என்ற எண்ணைப் பற்றிச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. உழைப்பையும் வெறும் ஓட்டத்தையும் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. 2012 ஜூன் 30 நள்ளிரவில், உலக நேரப்படி, ஒரு விநாடியைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். பூமி தன் சுழற்சியில் கொஞ்சம் சுணங்குவதால் அணுக் கடிகாரத்தை அதனோடு இணைத்துவைக்க 1972 முதல் அவ்வப்போது செய்துவந்த காரியம்தான். நம் நேரப்படி ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குச் சற்று முன், 5:29:59க்குப் பிறகு 5:29:60 என்று ஒன்று வந்துபோனது. உலகமெங்கும் லினக்ஸ் சர்வர்கள் பல கொதிக்க ஆரம்பித்தன. ரெடிட் தளம் தடுமாறியது. ஆஸ்திரேலியாவில் குவாண்டாஸ் விமானப் பயணிகள் வரிசையில் நின்றார்கள். மொசில்லாவில் மைஎஸ்கியூஎல் சர்வர்கள் ஏனென்று தெரியாமல் சிபியுவைத் தின்றன.

கோளாறு லினக்ஸின் உட்கருவான கர்னலில் இருந்தது. சேர்த்த விநாடியை அது கடிகாரத்தில் சேர்த்துவிட்டு, அலாரம் வைக்கும் பகுதிக்குச் சொல்ல மறந்துவிட்டது. அந்தப் பகுதி ஒரு விநாடி முன்னால் வாழ ஆரம்பித்தது. மைஎஸ்கியூஎல், ஜாவா மாதிரியான நிரல்களுக்குள் ஏராளமான இழைகள், அரை விநாடி கழித்து எழுப்பு என்று சொல்லிவிட்டுத் தூங்கும் வழக்கமுடையவை. இப்போது சொன்ன மறுகணமே அலாரம் அடித்தது, அந்த நேரம் எப்போதோ கடந்துவிட்டதே என்று. எழுந்து பார்த்தால் வேலை இல்லை. மறுபடி தூங்கப் போகும். மறுபடி அலாரம். வேலையே இல்லாமல் அதிகம் தூங்கியவைதாம் அன்று அதிகம் எரிந்தன. மருந்தோ வேடிக்கையானது. இப்போது மணி என்ன என்று கேட்டு, அதே மணியை மறுபடி கடிகாரத்தில் வைத்தால் போதும், சூடு அடங்கியது. கடிகாரத்துக்கு அது சொல்வது புதிய செய்தி இல்லை, ஆனால் அலாரக்காரனுக்கு அப்போதுதான் தகவல் போய்ச் சேர்ந்தது. இந்தக் கூடுதல் விநாடி வழக்கத்தையே 2035க்குள் நிறுத்திவிடுவதென 2022 நவம்பரில் எடை, அளவைகளுக்கான உலக மாநாடு முடிவுசெய்தது. இதுவரை 27 விநாடி சேர்த்திருக்கிறார்கள். கடைசியாகச் சேர்த்தது 2016இன் கடைசி நொடியில்.

நாலாயிரம் கோடி ஒப்பீடு செய்கிறவனுக்கும், விநாடிக்கு ஆயிரம் முறை விழித்துத் திரும்பப் படுக்கிறவனுக்கும் டாப் திரையில் ஒரே 100.0தான்.

சூடு ஓரிடம், காரணம் வேறிடம் என்பது மைஎஸ்கியூஎல்லின் தனிச்சொத்தும் இல்லை. 2021இல் கிட்லாப் நிறுவனத்துக்கு ஒரு மாதத்தைத் தின்ற சிக்கல் ஒன்று வந்தது. அவர்களுடையது போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ். திடீரென்று நகல் சர்வர்கள் எல்லாம் ஒருசேரத் திணறும், சில நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும். பார்க்கப் போனால் இருக்காது, பார்க்காதபோது தலை தூக்கும். ஸ்காட்லாந்து ஏரியில் இருப்பதாகச் சொல்லப்படும் பூதத்தின் செல்லப்பெயரான நெஸ்ஸியையே அதற்கு வைத்துவிட்டார்கள். கடைசியில் அகப்பட்டது இது: அசலில் ஒரு பரிவர்த்தனை நீண்ட நேரம் முடியாமல் திறந்து கிடக்கிறது, அதே சமயம் எங்கோ ஒரு நிரல் பரிவர்த்தனைக்குள் சின்னதாக இன்னொரு உட்பரிவர்த்தனையைத் திறக்கிறது. இரண்டும் சேர்ந்தால் போதும், நகலில் ஒவ்வொரு வரியைப் படிக்கும்போதும் இது எந்தத் தாயின் பிள்ளை என்று ஒரு சிறு பதிவேட்டைப் புரட்ட வேண்டிவருகிறது. அந்தப் பதிவேட்டுக்கு நினைவகத்தில் ஒதுக்கிய இடம் 32 பக்கம்தான். நெடும் பரிவர்த்தனை நீள நீள, புரட்ட வேண்டிய பக்கங்கள் 32ஐத் தாண்டும். பிறகு ஒரே பதிவேட்டின் முன் எல்லோரும் முட்டிமோதிக்கொள்வார்கள். அசலில் ஒன்றும் தெரியாது. அவர்கள் தங்கள் நிரலிலிருந்து உட்பரிவர்த்தனைகளைத் தேடித்தேடிக் களைந்தார்கள். போஸ்ட்கிரஸின் 17ஆம் பதிப்பில் அந்த 32 பக்கத்தை வேண்டிய அளவுக்குக் கூட்டிக்கொள்ள வழி வந்தது.

மறுபடி என் மேசைக்கு வருகிறேன். மணி மூன்று. ஐந்தரை மணி நேரத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். அப்படியே விட்டால் காலை ஏழு தாண்டி முடியும். ஆறு மணிக்குக் கிடங்குகளிலிருந்து ரிப்போர்ட் கேட்க ஆரம்பிப்பார்கள். கேட்பவர்களுக்கு நள்ளிரவு ஒன்றரை மணிக் கணக்கையே நகல் காட்டிக்கொண்டிருக்கும், எந்தக் கூச்சமும் இல்லாமல்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமாண்ணே?"

எல்லோருக்கும் முதலில் வருகிற யோசனை அது. எனக்கும் வந்திருக்கிறது, செய்தும் இருக்கிறேன், அது ஒரு தனிக்கதை. இந்த நாற்பதாயிரமும் ஒரே பரிவர்த்தனை. நடுவில் நிறுத்தினால் இதுவரை நீக்கியதையெல்லாம் திருப்பி வைத்துவிட்டு, மறுபடி முதல் கட்டளையிலிருந்து தொடங்கும். சும்மா நிறுத்தி ஓடவிட்டால் ஒன்றரை மணி நேர வியர்வையும் வீண். ஆனால் நிறுத்திய இடைவெளியில் ஓர் இண்டெக்ஸைப் போட்டுவிட முடியுமானால் வீணில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது போட முடியாது, டேபிள் அதன் பிடியில் இருக்கிறது. நகலில் மட்டும், ஆர்டர் எண் பத்தியின்மேல், சாதாரண இண்டெக்ஸ் ஒன்று. அசலைத் தொடவே வேண்டாம். சக்குபந்தி நாலில் ஒன்றுக்காவது பெயர்ப்பலகை நட்டுவைப்பது மாதிரி.

நிறுத்து என்ற கட்டளையை அடித்துவிட்டு என்டரைத் தட்டும் முன் கையை எடுத்துவிட்டேன். சர்வர் பெயரைக் கேட்டு ஒரு கட்டளை அடித்துப் பார்த்தேன், திரையில் பெயர் வந்தது, நகல்தான். தம்பியையும் அவன் திரையில் பார்த்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். இது என் பயந்த சுபாவம் மட்டுமில்லை. அதே கிட்லாபில் 2017 ஜனவரி 31 இரவு நகல் சர்வர் ஒன்று பின்தங்கிவிட, அதைப் புதிதாக அமைக்கப் போராடிக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், வேலை நேரம் முடிந்தும் உட்கார்ந்திருந்தவர், நகலின் தரவுக் கோப்புறையை அழிப்பதாக நினைத்து அசலுடையதை அழித்தார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்திவிட்டார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மிஞ்சியது. சேமிப்புப் பிரதி எடுக்க வைத்திருந்த வழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரித்தன. அதே பொறியாளர் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்துவைத்திருந்த ஒரு பிரதியால் தப்பித்தார்கள். மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், நடந்ததையெல்லாம் மறைக்காமல் எழுதினார்கள். அந்தக் குறிப்பை முதல்முறை படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு கறுப்புத் திரைகளுக்கும் ஒரே நிறம், ஒரே எழுத்து. வேறுபாடு பெயரில் ஓர் எண்.

என்டர் தட்டினேன். நிறுத்தியதும் நூறு விழுந்தது. 3.1, 0.7. நீக்கிய வரிகளைத் திருப்பி வைக்கச் சில விநாடிதான் எடுத்தது. எதை எங்கிருந்து எடுத்தோம் என்று இன்னோடிபி தன்னளவில் முகவரி எழுதிவைத்திருக்கும். இண்டெக்ஸ் போட ஒன்பது விநாடி. மறுபடி ஓடவிட்டேன். நாற்பதாயிரமும், நான் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் குடித்து முடிப்பதற்குள் போய்விட்டன. அதற்குப் பின்னால் தேங்கிக்கிடந்த இரவின் மற்ற வேலைகள் வரிசையாக உள்ளே பாய்ந்தன. 5,410. 4,880. 3,020. இறங்கும் எண்ணைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, காய்ச்சல்காரப் பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டும்போது நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி. பூஜ்யம் வந்ததும் தம்பி போனிலேயே கைதட்டினான்.

காலையில் அந்த நீக்கல் வேலையை அமைத்த பையனைக் கூப்பிட்டோம். இரவு 1:35க்குத் தானாக ஓடும்படி வைத்திருந்தான், பகலில் யாருக்கும் தொந்தரவு வேண்டாமே என்று. நல்ல பையன். விளக்கமெல்லாம் கேட்டுவிட்டுத் தன் பதிவேட்டைத் திறந்து காட்டினான். நாற்பதாயிரம் வரி, 1.9 விநாடி.

"எனக்கு ரெண்டு செகண்ட்ல முடிஞ்சுதே சார்."

அவன் சொன்னது உண்மை. அவன் பார்த்த சர்வரில் அவன் ஒரு தவறும் செய்யவில்லை. இருபது லட்சம் வரிக்கு இரண்டு விநாடி என்பது பாராட்ட வேண்டிய வேகமும்கூட. அடுத்தமுறை ஆயிரம் ஆயிரமாகப் பிரித்து நீக்கச் சொன்னேன், தலையாட்டினான். ஆனால் அவன் முகத்தில், தன் வீட்டில் பெய்யாத மழைக்குத் தன்னைக் குற்றம் சொல்கிறார்களே என்ற திகைப்பு அப்படியே இருந்தது. பிரித்து நீக்கினாலும் தேடல் அதே நாற்பதாயிரம்தான் என்பது பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. நடுவில் மற்ற வேலைகள் நுழைய இடம் கிடைக்கும், அவ்வளவே. குறை அந்த டேபிளில் இருந்தது. பிரைமரி கீ இல்லாமல் டேபிள் போடவே விடாதபடி தடுக்கும் விசை ஒன்று 8.0.13 பதிப்பில் வந்தது. 8.0.30இலோ, விட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியாத கீ ஒன்றைச் சர்வரே சேர்த்துக்கொள்ளும்படி வைக்கலாம். நாங்கள் இருந்தது 5.7இல். எங்களிடம் அப்படி எத்தனை டேபிள் இருக்கிறது என்று தம்பியைத் தேடச் சொன்னேன். 23 வந்தது. டெம்ப், டெம்ப்2, ஓல்டு, நியூ ஃபைனல் என்று, ஒருநாள் தேவைக்குப் போட்டு வருடக்கணக்கில் பிழைத்துக் கிடக்கிற பெயர்கள்.

ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு அந்த ஆர்டர் டேபிளுக்கு முதலில் போட்டோம், இம்முறை அசலில், முறைப்படி. பிரைமரி கீ சேர்ப்பதென்றால் டேபிளையே புதிதாகக் கட்டி எழுப்ப வேண்டும். 44 விநாடி ஆனது. அசல் முடித்த பிறகுதான் அந்தக் கட்டளை நாட்குறிப்பில் ஏறும், ஏறிய பிறகுதான் நகல் அதைக் கையில் எடுக்கும். டாப் திரையில் மைஎஸ்கியூஎல் மேலே வந்து நின்றது. 99.8. 100.1. பின்தங்கல் கடிகாரத்தோடு ஏற ஆரம்பித்தது.

தம்பி டீயை உறிஞ்சிக்கொண்டே, "அறுவது... அறுவத்தொண்ணு..." என்று எண்ணிக்கொண்டிருந்தான். எச்சரிக்கை வராதபடி அணைத்துவைத்திருந்தோம்.